அம்மாவ ஆத்துக் கப்பல்ல கூட்டிப்போக நினைக்கிற ஆக்களுக்கு

எங்கட மட்டக்களப்பில புள்ளையள் வெளிநாட்டில இருக்கிற வீடுகள்ல இப்ப அடிக்கடி கேக்கிற கதை, பஸ் டூர் வேணாம், அம்மா அப்பாவ குரூஸ்ல கூட்டிப்போவம் எண்டுறது. நல்ல யோசனைதான், ஆனா குரூஸ் எண்டதும் எல்லாருக்கும் கண்ணில வாறது கடல்ல போற மாடிக்கப்பல், நீச்சல்குளம், கசினோ, தியேட்டர். ஆத்துக் கப்பல் வேற. ஜெர்மனியில இருக்கிற அக்காவும் அத்தானும் அம்மாவையும் என்னையும் ஐரோப்பாவில ஓடுற டானியூப் ஆத்தில, ஜெர்மனியின்ட பாஸாவ்ல இருந்து ஹங்கேரியின்ட புடாபெஸ்ட் மட்டும் கூட்டிப்போனவங்க, அதில கண்டதையும் விசாரிச்சு அறிஞ்சதையும் வச்சுத்தான் எழுதுறன்.

முதல்ல கப்பலப் பத்தி. பெரும்பாலும் 135 மீட்டர் நீளம், அகலம் 11 மீட்டர் சொச்சம்தான், 190 பேர் போல ஏறலாம். ஏன் இவ்வளவு ஒடுக்கம் எண்டா ரைன் ஆத்தையும் டானியூபையும் இணைக்கிற கால்வாய் ஒண்டு 1992ல முடிச்சவங்க, அந்தப் பாதையில இருக்கிற லொக்குகள், அதாவது தண்ணிய ஏத்தி இறக்கி கப்பல மேல கீழ கொண்டுபோற கதவுத் தொட்டிகள், 12 மீட்டர் அகலம், அதுக்குள்ள கப்பல் நுழையோணும். பாலங்களும் உயரம் குறைவு, சில இடத்தில மேல்தட்டில ஒருத்தரையும் இருக்க விடமாட்டாங்க, கப்பல் ஓட்டுற அறையையே கீழ பதிச்சுத்தான் போகும். அதால உள்ளுக்க ஒரு சாப்பாட்டு மண்டபம், ஒரு லவுஞ்ச், மேல ஒரு வெயில் தட்டு, அவ்வளவுதான். பொழுதுபோக்கு கப்பலுக்குள்ள இல்ல, வெளியில ஆத்திலயும் ஊர்கள்லயும்தான் இருக்கு. இத முதலே விளங்கிக்கொண்டு போறவங்களுக்கு இதவிட நல்ல பயணம் இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

எங்கட அம்மா கல்முனைக்கு பஸ்ஸில போனாலே தலை சுத்துற ஆள், சத்தி வரும் எண்டு பயந்து தேசிக்காய் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தவ. ஒண்டும் தேவைப்படல்ல, ஆத்தில அலை இல்லையே. மறுகா, பேக்க ஒருக்காத்தான் அவிழ்க்கிறது, ராவில கப்பல் ஓடும், விடிய எழும்பினா வேற ஊர். முழங்கால் வருத்தக்காரருக்கு ஒவ்வொரு நாளும் ஹோட்டல் மாறுறத விட இது எவ்வளவோ சுகம்.

லொக்குக்குள்ள போறத கட்டாயம் மேல நிண்டு பாக்கோணும். ஆஸ்திரியாவில அணைக்கட்டு ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு லொக் இருக்கு. கப்பல் உள்ளுக்க போய் நிக்கும், பின்னால கதவு மூடும், மறுகா தண்ணி இறங்கத் தொடங்கும். மழைக்காலத்தில முகத்துவாரம் வெட்டிவிட்டா எங்கட வாவி வத்துமே அதுமாதிரி, ஆனா இது பத்துப் பதினஞ்சு நிமிஷத்தில பத்து மீட்டர் போல இறங்கிடும். சுவர் பக்கத்திலேயே கிடக்கு, பாசி பிடிச்சு ஈரமா, தண்ணி சொட்டுச் சொட்டா வடியுது, அம்மா கைய நீட்டித் தொட்டுப் பாத்துட்டு “இஞ்ச பாரு மனே, நாம கீழ போறம், சுவர் மேல போகுது” எண்டு சின்னப்புள்ள மாதிரி சிரிச்சா. அடுத்த லொக் எப்ப வரும் எண்டு பிறகு அவவே கேக்கத் தொடங்கிட்டா.

கேபின் எடுக்கேக்க கவனம். அடித்தட்டு மலிவு, ஆனா ஜன்னல் சின்னன், திறக்க ஏலாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும். பிரெஞ்ச் பல்கனி எண்டு போட்டிருந்தா வெளியில கதிரை போட்டு இருக்கலாம் எண்டு நினைக்காதீங்க, கண்ணாடிக் கதவத் திறந்தா கம்பி, அவ்வளவுதான். கப்பலின்ட கடைசிப் பக்கம் இன்ஜின் சத்தம் வரும். லிஃப்ட் இருக்கு எண்டு சொல்லுவாங்க, நிறையக் கப்பல்ல அது அடித்தட்டுக்கும் போகாது வெயில் தட்டுக்கும் போகாது, வயசான ஆக்கள் எண்டா நடுத்தட்டில எடுங்க. இன்னொண்டு, துறையில கப்பலோட கப்பல் ஒட்டிக் கட்டுவாங்க, அப்ப உங்கட ஜன்னலுக்கு நேர மற்றக் கப்பல் ஜன்னல், கரைக்குப் போறதும் அந்தக் கப்பலுக்குள்ளால நடந்துதான்.

சாப்பாடு நிறைய, நேரமும் எடுக்கும், ராச்சாப்பாடு ஒண்டரை ரெண்டு மணித்தியாலம் போகும். பகலும் ராவும் சாப்பாட்டோட வைனும் பியரும் பெரும்பாலும் காசு இல்லாம. சோறு எப்பவாவதுதான். அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டா, வெள்ளிக்கிழமை மரக்கறி, அத அக்கா புக் பண்ணேக்கயே எழுதிக் குடுத்ததால ஒரு கரைச்சலும் இல்ல. அரைச்ச மிளகாய்த்தூள் ஒரு சின்னப் போத்தல்ல கொண்டுபோங்க.

ஒவ்வொரு ஊரிலயும் நடந்து பாக்கிற சுற்றுலா ஒண்டு டிக்கட்டுக்குள்ளயே வரும், காதில மாட்டுற கருவி தருவாங்க, வழிகாட்டி தூரப் போனாலும் கேக்கும். ஆனா தெருவெல்லாம் உருண்டைக் கல்லு பதிச்சது, செருப்பு சரிவராது, நல்ல சப்பாத்து வேணும். மெதுவா நடக்கிற ஆக்களுக்கு தனிக் குழு இருக்கா எண்டு கேளுங்க. அதுக்கும் ஏலாட்டி ஆஸ்திரியாவில மெல்க், டூர்ன்ஸ்டைன் எண்ட ரெண்டு ஊருக்கும் இடையில மேல்தட்டில கதிரையில இருந்தாலே போதும், வாஹாவ் பள்ளத்தாக்கு, ரெண்டு கரையிலயும் திராட்சைத் தோட்டம், மலையில இடிஞ்ச கோட்டை. புடாபெஸ்ட்ல பாராளுமன்றக் கட்டிடத்துக்கு ராவில விளக்குப் போட்டிருக்கேக்க கப்பல் அதுக்கு முன்னால போகும், அந்த நேரம் குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொண்டு மேல போங்க, கேபினுக்குள்ள இருந்திடாதீங்க.

விசா கதை. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி எல்லாம் செங்கன் எண்டுற ஒரே விசாக் கூட்டத்து நாடுகள், ஒரு விசா காணும், 30,000 யூரோக்கு குறையாத மருத்துவ இன்சூரன்ஸும் கேப்பாங்க. அதுக்கு கீழ செர்பியா பக்கம் போற கப்பல் எண்டா அது செங்கன் இல்ல, திரும்ப உள்ளுக்க வாறதுக்கு பல தடவை நுழையுற விசா வேணும், புக் பண்ண முதல் பாருங்க.

கடைசியா தண்ணி. கோடை முடியிற நேரம் ஆறு வத்தினா கப்பல் ஓடாது, 2018லயும் 2022லயும் ரைன் ஆறு அப்பிடி வத்தினது, வெள்ளம் வந்தாலும் பாலத்துக்கு கீழால போக ஏலாது. அப்ப பஸ்ஸில ஏத்தி ஊர் ஊரா காட்டுவாங்க, இல்லாட்டி பாதியில வேற கப்பலுக்கு மாத்துவாங்க, நிறையக் கம்பனி அதுக்கு காசு திருப்பித் தராது. அம்மாவ பஸ்ஸில இருந்து காப்பாத்தத்தானே இவ்வளவு செலவழிக்கிறீங்க, அதால மே, ஜூன் மாதிரி மாசமாப் பாத்து எடுங்க, தண்ணி குறைஞ்சா என்ன செய்வீங்க எண்டு கம்பனியிட்ட எழுத்தில வாங்கிக்கொண்டு காசக் கட்டுங்க.