மூன்று கதவு ஜிம்னியில் கேரவன்: டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் வரை

சுசுகி ஜிம்னி மாதிரிக் குட்டை வண்டியில் கேரவன், அதாவது காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் தங்கும் வண்டி, இழுக்கலாமா என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இழுக்கலாம். எந்தக் கேரவன், எவ்வளவு எடை என்பதை மட்டும் விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

ஜிம்னியின் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லர் 1,300 கிலோ வரை, பிரேக் இல்லாதது 350 கிலோ வரை என்று போட்டிருக்கிறது. கேரவன் பார்க்கப் போன இடத்தில் 1,200 கிலோ வண்டி ஒன்றைக் காட்டி, தாராளமாகப் போகும் என்றார்கள். இன்ஜின் இழுத்துவிடும், சந்தேகமில்லை. தென்னாப்பிரிக்கச் சட்டம் விடாது. சின்னக் கேரவன்களில் வருவது ஓவர்ரன் பிரேக். முன்வண்டி வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கம்பி வழியாக அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். ஜிவிஎம், அதாவது சாமானோடு சேர்த்து அனுமதித்த உச்ச எடை, 750 கிலோவுக்கு மேல் 3,500 கிலோ வரை உள்ள டிரெய்லருக்கு இந்த பிரேக் போதும். ஆனால் அந்த ஜிவிஎம் இழுக்கும் வண்டியின் டேரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயங்கும் சர்வீஸ் பிரேக் வேண்டும்.

டேர் என்றால் வண்டியின் வெற்று எடை. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கிலேயே அது இருக்கும். என் டிஸ்க்கில் 1,100 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஆக என் எல்லை 1,300 அல்ல, அந்த டிஸ்க்கில் உள்ள எண். கேரவனை அரைகுறையாக ஏற்றி இழுத்தாலும் அதன் தகட்டில் பொறித்த ஜிவிஎம்தான் கணக்கு. இது தெரியாமல் வாங்கி, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களைத்தான்.

கடைசியில் கிடைத்தது பழைய சின்னக் கேரவன். ஜிவிஎம் 1,000, வெற்று எடை 780. மிச்சம் 220 கிலோவுக்குள் கேஸ் சிலிண்டர், தண்ணீர், பந்தல் துணி, படுக்கை, பாத்திரம் எல்லாம் அடங்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கு ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதியானது என்ற) சான்றிதழும் ஆர்எல்வி என்ற பதிவுப் படிவமும் கேட்டார்கள். அதில் பெரிய சிரமமில்லை.

லைசென்ஸ் இன்னொரு வேலை. என்னிடம் இருந்தது கோட் பி, சாதாரணக் கார் லைசென்ஸ். அதில் 750 கிலோ ஜிவிஎம் வரைதான் இழுக்கலாம், அதற்கு மேல் கோட் ஈபி வேண்டும். அப்பாவிடம் பச்சை அடையாளப் புத்தகக் காலத்து கோட் 08 இருந்தது. 1998-இல் கார்டு முறை வந்த பிறகு மாற்றியபோது அது தானாக ஈபி ஆகிவிட்டது. எனக்குத் தேர்வு எழுதாத குறையாக அவரே பாடம் எடுத்தார்.

பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். ஜிம்னியின் வீல்பேஸ், அதாவது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே உள்ள தூரம், 2,250 மில்லிமீட்டர்தான். ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினாலே வண்டியின் பின்பக்கம் சட்டென்று நகரும், கேரவன் மடங்கத் தொடங்கிவிடும். கோயிலுக்குப் பின்னால் இருந்த தனி மைதானத்தில் அப்பா பக்கத்தில் நின்று சொன்னது ஒன்றே ஒன்று: "ஸ்டீயரிங்கைக் கீழே பிடிப்பா. கேரவன் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து." அதைப் பழகியதும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மீதி, அவசரப்படாமல் அங்குலம் அங்குலமாகப் போவது. இன்னொன்று: பழைய கப்ளிங்கில் (கேரவனை வண்டியோடு கோக்கும் முனை) பின்னால் தள்ளும்போது ஓவர்ரன் பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் கப்ளிங்கின் பக்கவாட்டில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, இறங்கிப் போய்த் திருப்பி வைக்க வேண்டும். ஈபி லைசென்ஸுக்கான கே53 ஓட்டுநர் தேர்வில் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும்போதே அந்த நாக்கையும் கவனித்துவிடுங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் உருண்டாலும் தேர்வு அங்கேயே முடிந்தது. ஹேண்ட்பிரேக்கை நம்புங்கள்.

அடுத்தது சாமான் ஏற்றுவது. குட்டை வண்டிக்கு எதைவிடவும் முக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன். கேரவனைக் கோக்கும் டோபார் பந்து ஜிம்னியின் பின்னச்சுக்குப் பின்னால் இருக்கிறது. கேரவன் பக்கவாட்டில் ஆடினால் அந்த இடத்திலிருந்து வண்டியின் வாலைத் தள்ளும். அச்சுகளுக்கு இடையே நீளம் குறைவாக இருந்தால் தாங்கிக்கொள்ளும் பலமும் குறைவு. ஜிம்னிக்கு நல்ல விஷயம், பின்னச்சிலிருந்து பந்து வரை தூரம் அதிகமில்லை. நான் அளந்தபோது 80 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. பந்தின் மேல் 70 கிலோ உட்கார்ந்தால் முன்னச்சிலிருந்து 25 கிலோ குறையும். அதற்கு மேல் போனால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், மிகக் குறைந்தால் கேரவன் ஆடும். ஆகவே குளியலறைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் கப்ளிங்கை இறக்கி அளந்தேன். தண்ணீர்க் கேன்களை அச்சுக்கு நேர் மேலே தரையில் வைத்தேன், அலமாரியில் போர்வை மட்டும். அப்புறம் பழைய இரும்புக் கடை எடை மேடையில் முழுக் கேரவனையும் நிறுத்தினேன். 1,000-க்குள் வந்தது.

டயரையும் பாருங்கள். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெட்டுப்போகும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் டயர் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன, ஆனாலும் வயதானவை என்று மாற்றிவிட்டேன்.

ஈஸ்டர் வாரத்தில் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் திருவிழாவை விட முடியாது, அதனால் ஜூலை விடுமுறையில் கிளம்பினோம். என்3 நெடுஞ்சாலை ஏறிக்கொண்டே போகும். வழியில் வரும் மூய் ரிவர் ஊர் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத 75 கிலோவாட் இன்ஜின் அங்கே ஏழில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை ஒட்டிய டவுன் ஹில் (Town Hill) என்ற ஏற்றத்தில் மூன்றாவது கியரில் லாரிகளோடு இடது தடத்திலேயே போனேன். சமவெளியிலும் 80-ஐ ஒட்டித்தான். லாரிகளுக்கும் அதுதான் உச்ச வேகம், யாரையும் முந்த வேண்டிய அவசியம் வரவில்லை.

நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் ஒரு பேருந்து வேகமாகக் கடந்தது. முதலில் காற்று கேரவனை வெளியே தள்ளியது, பிறகு அது பேருந்தை நோக்கி இழுபட்டது, கண்ணாடியில் கேரவனின் மூலை இடமும் வலமும் போய்வந்தது. அப்போது பிரேக்கை அழுத்தக் கூடாது, வேகத்தையும் கூட்டக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தேன். எதிர்த்துத் திருப்பினால் ஆட்டம் கூடும். தானாக அடங்கியது. எடை சரியாக ஏற்றியிருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் அடங்கியது என்று உறுதியாக நம்புகிறேன்.

திரும்பி வரும்போது டவுன் ஹில் இறக்கம். இங்கே கேரவன் விடாமல் தள்ளும், ஓவர்ரன் பிரேக்கும் விடாமல் பிடித்துச் சூடேறும். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிட்டேன், பிரேக்கை விட்டுவிட்டுத்தான் அழுத்தினேன். தார்ச் சாலையில் முழுக்க டூ-வீல் டிரைவ். டிராக்கன்ஸ்பர்க்கில் நாங்கள் தங்கிய மகாய் முகாமில் நனைந்த புல்லில் நிறுத்தும்போது மட்டும் ஃபோர்-வீல் போட்டேன்.

ஐந்து கதவு ஜிம்னி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதன் வீல்பேஸ் 2,590, நேராக நிற்கும். டேரும் கூடுதல், அதனால் சட்டப்படி கொஞ்சம் பெரிய கேரவன் பார்க்கலாம். இன்ஜின் அதே 75 கிலோவாட், மூய் ரிவர் ஏற்றத்தில் இரண்டும் ஒன்றுதான்.