அவன் என்ன செய்தவன்?

எங்கள் பாடசாலை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுத இருப்பது ஒன்றுதான்: 1993இல், 9 பி வகுப்பில், இன்ரவெல் முடிந்ததும் வரும் ஆங்கிலப் பாடம். அதைப் படிப்பித்த சேர் இந்த வருடம் மாசியில் காலமானார்.

யாழ்ப்பாணத்தில் போர் நடந்த அந்தக் காலத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. குண்டு போடும் சகடை விமானத்தின் சத்தம் கேட்டால் பங்கர், படிக்க ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் கேட்ட பிபிசி தமிழோசை. கொப்பிக்குத் தட்டுப்பாடு என்பதால் மட்டையின் உட்பக்கத்திலும் எழுதினோம். சொற்களை நிரையாக எழுதிப் பாடமாக்குவது சேருக்குப் பிடிக்காது. "ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இந்த வகுப்பிலை இருக்கவேணும்" என்பார்.

கரும்பலகையில் 'கைண்ட்' என்று எழுதினால் பக்கத்தில் 'அன்கைண்ட்' வரும். 'பேஷன்ட்' என்றால் 'இம்பேஷன்ட்', 'ஒனெஸ்ட்' என்றால் 'டிஸ்ஒனெஸ்ட்'. எதற்கு முன்னால் எது ஒட்டும் என்று சட்டம் தேடாமல் வாய்க்குப் பழக்கச் சொல்வார். நட்பைப் பற்றிய சொற்களைத் தனியாகத் தரவே மாட்டார். 'மேக் ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோல் அவுட்', 'மேக் அப்', 'கீப் எ சீக்ரெட்' என்று சோடியாகவும் கூட்டமாகவும்தான் வரும். அந்தக் கிழமை வகுப்பில் யார் யாரோடு கோவம், யார் நேசமாகிவிட்டார்கள் என்பதே பயிற்சி வசனம்.

அப்புறம் 'ஸ்ரபர்ன்' (பிடிவாதக்காரன்), 'டிற்றர்மின்ட்' (மன உறுதியுள்ளவன்) இரண்டையும் ஒரு நாள் எழுதினார். 'கியூரியஸ்', 'நோஸி' இன்னொரு நாள். எங்களுக்குப் பிடித்தவன் விடாமல் நின்றால் ஒரு சொல், பிடிக்காதவன் அப்படியே நின்றால் மற்றச் சொல். பதினாலு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இதைவிட முக்கியமான பாடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் மகள் போனில் நாளுக்கு இத்தனை சொல் என்று படிக்கிறாள். அந்தச் சொற்களை யாரைப் பார்த்துச் சொல்கிறாய் என்று அந்தப் போன் அவளைக் கேட்பதில்லை.

சேர் கேட்பார். ஒருவனைப் பற்றி ஒரு சொல் சொன்னால், உடனே இரண்டாவது வசனம் வேண்டும். "அவன் என்ன செய்தவன்?" அதற்குப் பதில் இல்லையென்றால் முதல் வசனத்தை அழிக்க வேண்டும்.

நான் மயிலிட்டி. 1990 ஆனியில் இடம்பெயர்ந்து வந்து இந்தப் பாடசாலையில் சேர்ந்தவன். 9 பியில் யாரோடும் பெரிதாகப் பேசமாட்டேன், இன்ரவெல்லில் விளையாடப் போகவும் மாட்டேன். ஒரு நாள் பக்கத்து வாங்குக்காரனை என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார் சேர். அவன் எழும்பி, "ஹீ இஸ் புரௌட். ஹீ டஸின்ட் ப்ளே வித் அஸ்" என்றான். வகுப்பு சிரித்தது. காது சுட, நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேர் அவனை ஏசவில்லை. "இரண்டாவது நீ கண்டது. முதலாவது நீயாய்ச் செய்தது. ஒரு கிழமை அவனுக்குப் பக்கத்திலை இருந்துபோட்டு வந்து சொல்லு" என்றார்.

அவன் இருந்தான். பின்னேரம் கதைத்துக்கொண்டு என்னோடு வீடுவரைக்கும் வந்தான். வீடு என்றால், உறவினர் வளவில் போட்ட கொட்டில். அங்கே கொடியில் என் வெள்ளைச் சேட்டு காய்ந்தது. சவர்க்காரம் வாங்க முடியாத விலை. ஆவணி மாதம், பனம்பழக் காலம். அம்மா பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் சேட்டைத் தோய்ப்பா. அலசியும் போகாத மெல்லிய மஞ்சளும் வாசமும் அதில் இருக்கும். கழற்றிய சேட்டு கொடிக்குப் போனால் நான் வெறும் மேலோடுதான் நிற்பேன் என்பதை அவன் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

கிழமை முடிந்ததும் சேர் அவனை எழுப்பினார். "ஹீ இஸ் கெயர்ஃபுல்" என்றான்.

"அவன் என்ன செய்தவன்?"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு சேரைப் பார்த்தான். "ஐ கான்ட் ரெல், சேர். இட் இஸ் எ சீக்ரெட்."

எனக்கு மூச்சு வந்தது. சேர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கரும்பலகையில் 'ரஸ்ற்வேர்தி' (நம்பத்தக்கவன்) என்று எழுதி, "இதுக்கு ஆள் கிடைச்சிட்டுது. எல்லாரும் எழுதுங்கோ" என்றார். அவனுடைய பெயரைப் போட்டு எழுதினோம்.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30க்குப் பிறகு வகுப்பு சிதறியது. அவன் குடும்பம் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனது. நான் அடுத்த வருடம் கனடா வந்து ஸ்காபரோவில் ஈஎஸ்எல் வகுப்பில், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கும் வகுப்பில், இருந்தேன். ஒரு நண்பனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவனைப் பற்றி இரண்டு இரண்டு வசனமாக ஒரு பக்கம் எழுதினேன். ஆசிரியை பாராட்டினார். ஆனால், அவனை இனி எங்கே காண்பேன் என்று தெரியாமல்தான் அதை எழுதினேன்.

2017இல் மயிலிட்டியின் ஒரு பகுதியை இராணுவம் விட்டபோது ஊருக்குப் போனேன். சேரையும் கண்டேன். தேத்தண்ணி வந்தது. "அங்கை உன்ரை சிநேகிதர் ஆர்?" என்று கேட்டார். வேலையிடத்தில் ஒருவரைச் சொன்னேன். நல்ல மனிதர், ஜெனரஸ், றிலையபிள் என்றேன்.

"அவர் என்ன செய்தவர்?"

பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்கிறோம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. இரண்டாவது வசனம் எனக்கு வரவில்லை. இவ்வளவு தூரம் போய், இவ்வளவு ஆங்கிலம் பேசி, ஒரு ஆளுக்குப் பக்கத்தில் ஒரு கிழமை இருக்க எனக்கு வாய்க்கவில்லையே என்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் மனதில் பட்டது. "சரி, அடுத்தமுறை வரேக்கை சொல்லு" என்றார் சேர். பிறகு உள்ளே போய் ஒரு தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டைக் கொண்டுவந்து தந்தார்.

அந்தப் பக்கத்து வாங்குக்காரன் கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பிக்கிறான். அடுத்த நாளே பஸ் பிடித்துப் போனேன். இரவுச் சாப்பாட்டில் சேரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவனுடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொட்டிலையும் கொடியையும் பனம்பழம் தோய்த்த சேட்டையும் நான்தான் சொன்னேன். அதுவரைக்கும் அவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.