வேலை கேட்காமல் பேசக் கற்றுக்கொண்ட கதை

கணக்குப் பிரிவில் 11 வருடம் இருந்துவிட்டு டேட்டா அனலிடிக்ஸ் பக்கம் போகலாம் என்று தோன்றியதும், முன்பின் தெரியாத 40 பேருக்கு லிங்க்டுஇன்னில் ஒரே செய்தியை அனுப்பினேன். “துறை மாற விரும்புகிறேன், வாய்ப்பு இருந்தால் சொல்லவும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.” இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவர் “இப்போதைக்கு இல்லை” என்றார். மற்றவர்கள் பார்த்ததோடு சரி.

நெட்வொர்க்கிங் என்றாலே எனக்கு ஒவ்வாது. காக்காய் பிடிப்பதற்கு வைத்த நாகரிகப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். நெருங்கிய நண்பர்களிடம் கேட்டேன். எல்லோரும் என்னைப் போலக் கணக்குக்காரர்கள். எனக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அவரை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று விசாரித்திருக்கிறார். அடிக்கடி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது, அபூர்வமாக என்றவர்கள்தான் மிச்சம் அத்தனை பேரும்.

சரி என்று, 8 வருடத்துக்கு முன் பக்கத்து டீமில் இருந்த ஒருவருக்கு எழுதினேன். “நீங்கள் கணக்கிலிருந்து அனலிடிக்ஸுக்கு மாறியதைப் பார்த்தேன். முதல் 6 மாதம் எப்படிப் போனது என்று கேட்க வேண்டும். 20 நிமிடம் போதும். வேலை கேட்க வரவில்லை.” மறுநாளே பதில் வந்தது.

போனில் முதல் 10 நிமிடம் என் புராணத்தையே பாடினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பிறகுதான் “நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. பாதி நேரம் டேட்டாவைச் சுத்தம் செய்வதிலேயே போகுமாம்: ஒரே வாடிக்கையாளர் பெயர் மூன்று விதமாக இருக்கும், தேதியும் மாதமும் இடம் மாறியிருக்கும். மீதி நேரம், விற்பனைப் பிரிவு சொல்லும் தொகையும் அறிக்கையில் உள்ள தொகையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்குவது. அட, மாதக் கடைசியில் ரீகன்சிலியேஷன் என்ற பெயரில் நான் செய்வதும் இதைத்தானே! என் ரெஸ்யூமேயில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. மெஷின் லேர்னிங் வகுப்புக்குப் பணம் கட்ட இருந்தேன். “முதலில் எஸ்க்யூஎல் படியுங்கள்” என்று தடுத்தார். டேட்டாபேஸிலிருந்து வேண்டிய தகவலைக் கேட்டு எடுக்கும் கணினி மொழி அது.

வைப்பதற்கு முன் “இன்னும் யாரிடம் பேசலாம்?” என்று கேட்டேன். இரண்டு பெயர் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, எஸ்க்யூஎல்லில் எதுவரை வந்திருக்கிறேன் என்று அவருக்கு நாலு வரி எழுதினேன். அறிவுரை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள்தான் அதிகம் போல; அந்த நாலு வரிக்கு அத்தனை சந்தோஷப்பட்டார்.

எல்லாம் இப்படி அமையவில்லை. ஒருவர் இரண்டு தடவை நேரம் கொடுத்துவிட்டு வரவில்லை. இன்னொருவர், துறை மாறும் வயதா இது என்றார். 7 மாதத்தில் 19 பேரிடம் பேசியபின், முதலில் பேசியவர் பெயர் கொடுத்த இரண்டு பேரில் ஒருவரின் சக ஊழியர் மூலம் ஓர் இடம் அமைந்தது. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் பேசியவருக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். ரொம்ப சந்தோஷம் என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “தப்பா நினைக்காதீங்க, அப்போ நீங்க எந்த டீம்ல இருந்தீங்க?”