ஒரு சோடிக் காளையும் ஒரு துண்டும்

இலங்கை மலையகத்து ஹட்டனில் மூன்று நாளாக விடாத மழை. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் அடுப்போரம் உட்கார்ந்து மெத்யூ லயன் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1749இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1764இல், பதினைந்து வயதில், ஒப்பந்த வேலையாளாக அமெரிக்காவுக்கு வந்தார். அவருடைய ஒப்பந்தத்தை ஒரு சோடிக் காளைக்குக் கைமாற்றினார்களாம். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் முன்னோரையும் கடனை எழுதிய துண்டுச் சீட்டோடு இப்படித்தான் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள். 1921 வரை அந்தத் துண்டு முறை இருந்தது.

அப்புறம் லயன் அமெரிக்கச் சுதந்திரப் போரில் சிப்பாயானார், வெர்மான்ட் மாநிலத்திலிருந்து அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனார். ஜனாதிபதி ஜோன் அடம்ஸைக் கண்டித்து எழுதியதற்காக 1798இல் நான்கு மாதச் சிறை, 1,000 டொலர் அபராதம். சிறையில் இருந்தபடியே மறுபடியும் தேர்தலில் வென்றார்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கூலியாக வந்தவரை அங்கே மக்கள் வாக்களித்து அனுப்பினார்கள். (கறுப்பின அடிமைகளுக்கு அந்த வாசல் திறக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) என் தாத்தா இங்கேயே பிறந்தவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் குடியுரிமை இல்லை என்றது.

இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஜெயிலுக்குள்ள இருந்தவருக்கா ஓட்டுப் போட்டாங்க?"