விழித்திரைக்கு அடியில்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கண் பரிசோதனை முகாமுக்குப் போனால் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "புரை விழுந்திருக்கா தம்பி?" புரை இல்லை என்று சொன்னதும் நிம்மதியாக எழுந்துவிடுவார்கள். கண் பரிசோதகனான எனக்கு அந்த இடத்தில்தான் கவலை தொடங்கும். புரை இல்லாமலேயே, கண்ணின் பின்புறம் ஒளியை வாங்கும் விழித்திரையின் நடுப்பகுதி வயது ஏறும்போது சிதையும் நோய் ஒன்று உண்டு.

விழித்திரைக்குப் பின்னால் நிறமிச் செல்களின் ஒற்றை அடுக்கு. அதையொட்டி ப்ரூக் சவ்வு, 1844-இல் கார்ல் ப்ரூக் விவரித்தது. தடிமன் 2 முதல் 4 மைக்ரான்தான், ஆனால் அதற்குள் ஐந்து அடுக்கு. இரு ஓரங்களிலும் நான்காம் வகை கொலாஜன், லாமினின் என்ற புரதங்கள் கொண்ட மெல்லிய படலம், உள்ளே இருபுறமும் கொலாஜன் நார்கள், நட்டநடுவில் எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள புரதம். விழித்திரையின் வெளிப்பகுதிக்கான சத்து பின்னாலுள்ள ரத்தக் குழாய்களிலிருந்து இதைக் கடந்துதான் வருகிறது. கழிவும் இந்த வழியாகத்தான் போகிறது.

எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் இளம் வயதிலேயே செய்து முடித்துவிடுகிறது. எழுபது வயதுக் கண்ணும் அன்று உருவான இழைகளைத்தான் நம்பியிருக்கிறது. எனக்கு இது இன்னும் வியப்பு தீராத விஷயம். வயது ஏற ஏறக் கொலாஜனில் குறுக்குப் பிணைப்புகள் கூடும், கொழுப்பு படியும், சவ்வு தடிக்கும். பாசி அடைத்த வலையில் தண்ணீர் ஓடாது என்று சொன்னால் கடல் தொழில் செய்கிறவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. பீடி, சிகரெட் விழித்திரை நடுப்பகுதி சிதையும் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். சிலருக்குப் பின்னாலிருந்து புது ரத்தக் குழாய்கள் இந்தச் சவ்வைத் துளைத்து வளர்ந்து கசியும்.

பாம்பனில் வலை பின்னும் பெரியவர் ஒருவர், "பாலத்துத் தூணு நெளிஞ்சு தெரியுது தம்பி" என்றார். வலது கண்ணை மூடிப் பார்த்தால் மட்டும் அப்படி. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு கண்ணாக மூடி, ஆம்ஸ்லர் கட்டம் என்ற, நடுவில் புள்ளி வைத்த கட்டக் கோட்டுத் தாளைப் பார்க்கச் சொல்கிறோம். நடுப்புள்ளியைப் பார்க்கும்போது சுற்றியுள்ள கோடுகள் வளைந்தால், அப்புறம் தள்ளிப்போடக் கூடாது.

மதுரையில் விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம் எடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்ததில் அவருக்குப் புதுக் குழாய்தான். கண்ணுக்குள் ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ஊசியோடு முடியாது, தொடர்ந்து போக வேண்டும். துணைக்கு மகன் போனால் அன்றைய கடல் வேலை போச்சு. சரி, அந்தப் பேச்சையும் முகாமிலேயே வீட்டாரோடு பேசிவிடுகிறேன்.