மூன்று புள்ளிகள்

தென் துருவத்தில் நியூட்ரினோக்களைப் பிடிக்கும் ஐஸ்கியூப் கருவியின் தரவில் வேலை பார்க்கிறேன் என்றால் "தென் துருவத்தில் குளிர் எப்படி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் அங்கே போனதே இல்லை. அந்தக் குழு பொதுவில் வெளியிட்ட பத்தாண்டுத் தரவை வைத்துக்கொண்டு திரை முன்னால் உட்காருவதுதான் என் வேலை.

பனிக்கடியில் 86 வடங்களில் 5,160 ஒளி உணரிகள் தொங்குகின்றன. நியூட்ரினோ என்பது எதையும் எளிதில் துளைத்துப் போகும் நுண்துகள். அது அரிதாக மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள் சிந்தும் நீல ஒளியிலிருந்து நியூட்ரினோ வந்த திசை கிடைக்கும். பூமியைத் துளைத்து வருபவற்றிலும் பெரும்பகுதி நம் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள்தான். தொலைதூர விண்பொருட்களிலிருந்து வருபவற்றைத் தேடும் எங்களுக்கு அவைதான் இரைச்சல்.

2017 செப்டம்பர் 22 அன்று சுமார் 290 டெரா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு ஒரு நியூட்ரினோ சிக்கியது. 43 நொடியில் எச்சரிக்கை போனது. அது காட்டிய திசையில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார் (மையக் கருந்துளையிலிருந்து நம்மை நோக்கித் தாரை பீய்ச்சும் விண்மீன் மண்டலம்) காமாக் கதிரில் பொங்கிக்கொண்டிருந்ததை ஃபெர்மி தொலைநோக்கி கண்டது. இந்தத் துறைக்கு என்னை இழுத்தது இந்தச் செய்திதான். பிளேசார் பொங்கும் நாட்களில் மட்டும் தேடினால் பத்தாண்டு இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டாம். சில வாரத்து இரைச்சல் போதும். கேட்க எவ்வளவு எளிது!

நானும் தேடினேன். ஒரு பிளேசார் பொங்கி அடங்கிய கையோடு, அதே திசையில் மூன்று நிகழ்வுகள். காலச் சாளரத்தை, அதாவது தேடும் நாட்களின் வரம்பை, சில நாள் தள்ளிவைத்தால் மூன்றும் அழகாக உள்ளே வந்தன. தள்ளிவைத்தேன். படத்தைப் பார்த்த வழிகாட்டி, "இதுக்கு முன்னாடி எத்தனை பிளேசார் பார்த்தீங்க? சாளரத்தை எத்தனை தடவை மாத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சரி என்று வருகை நேரங்களைக் கலைத்துப் போட்டேன். கருவி துருவத்தில் இருப்பதால், நேரத்தைக் கலைத்தால் வானில் கிழக்கு மேற்கு இடத்தைச் சொல்லும் வல ஏற்றம் மட்டும் மாறும். வடக்கு தெற்கு இடத்தைச் சொல்லும் நடுவரை விலக்கம் அப்படியே இருக்கும். இப்படி ஆயிரம் போலி வானங்கள் செய்து, ஒவ்வொன்றிலும் அதே போல் சாளரத்தை நகர்த்தித் தேடினேன். என் "கண்டுபிடிப்பு" அவற்றிலும் சர்வசாதாரணமாக முளைத்தது.

அப்புறம்தான் 2018 கட்டுரைகளை நிதானமாகப் படித்தேன். அந்த 2017 பொருத்தமே மூன்று சிக்மா அளவில்தான் நிற்கிறது (தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு சிக்மா; கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும்). அதே பிளேசாரிலிருந்து 2014–15இல் வந்ததாகச் சொல்லப்படும் பதின்மூன்று சொச்சம் நியூட்ரினோக்களுக்கு மூன்றரை சிக்மா. ஆனால் அப்போது காமாக் கதிரில் பொங்கலே இல்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான். 2022இல் 4.2 சிக்மாவோடு நியூட்ரினோ மூலமாக அறிவிக்கப்பட்ட என்ஜிசி 1068 என்ற விண்மீன் மண்டலம் பிளேசாரே இல்லை. பொங்கலைத் துரத்துவதே தப்போ என்று சில நாள் தோன்றும்.

அந்த மூன்று புள்ளிப் படம் இன்னும் கணினியில் இருக்கிறது. போலி வானப் படம் ஒன்றின் பக்கத்தில் வைத்தால், கோப்பின் பெயரைப் பார்க்காமல் எது எதுவென்று எனக்கே தெரியாது.