கூரைக்கு மேல் பெய்யாத மழை

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு மழை புதிதல்ல. ஆண்டின் எல்லா மாதங்களிலும் அங்கே மழை உண்டு; பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டு, பெரும்பாலும் மாலைக்குள் வெறித்துவிடும். குடையும் பொறுமையும் இருந்தால் போதும், ரயில் ஓடிக்கொண்டேயிருக்கும். திருமணமாகி, கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகே குடிவந்த பிறகுதான், எங்கள் முற்றத்தில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும் நாளிலும் பயணம் தடைபடக்கூடும் என்பது எனக்குத் தெரிந்தது. இந்த மாவட்டத்தில் ஒருவரை வீட்டில் இருத்திவைப்பது, அவர் கூரைக்கு மேல் பெய்யும் மழையைக் காட்டிலும், கண்ணுக்கெட்டாத தொலைவில் பெய்யும் மழைதான்.

மலையில் பெய்வது பேச்சிப்பாறை அணையில் சேர்கிறது. அணை நிறைந்து உபரிநீரைத் திறந்தால், அது கோதையாறாகத் திற்பரப்பு அருவியைக் கடந்து, மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது. அருவியில் குளிக்கத் தடை என்ற செய்தியைச் சுற்றுலாப் பயணிகளுக்கானது என்று நான் ஆரம்பத்தில் கடந்துபோவேன். இப்போது அதை எங்களுக்கான முன்னறிவிப்பாகவே படிக்கிறேன், ஏனென்றால் அடுத்து மூழ்கப்போவது ஆற்றைக் கடக்கும் தரைப்பாலமான குழித்துறைச் சப்பாத்து. அதன்பின் அக்கரைக்குப் போகிறவர்கள் பெரிய பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். என் மாமனார் அணைகளின் முழுக் கொள்ளளவு மட்டங்களான பேச்சிப்பாறையின் 48 அடியையும் பெருஞ்சாணியின் 77 அடியையும் மனத்தில் வைத்துக்கொண்டு, காலை நாளிதழில் அன்றைய நீர்மட்டத்தைப் பங்குச்சந்தை நிலவரம் பார்ப்பவரைப் போல ஆராய்வார். மாமிக்கு நாளிதழ் தேவைப்படுவதில்லை. நான் வெளியே இருக்கும்போது தொலைபேசியில் அழைத்து, "மக்களே, அணைய தெறந்து விட்டாச்சாம். சப்பாத்து வழியா வராத, கேட்டியா?" என்று அவர் சொல்வது எந்த வானிலை அறிக்கைக்கும் முந்தி வந்துவிடுகிறது.

இங்கே பருவமழை இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வருவது விளவங்கோடு, கல்குளம் பக்கத்தை நனைத்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது வெறும் காற்றாகிவிடும். தக்கலையில் சன்னல்களையெல்லாம் அடைத்துக்கொண்டு கிளம்பும் பேருந்தில், காவல்கிணறு வந்ததும் எல்லோரும் சன்னலைத் திறந்துவிடுவது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை அப்படி ஓர் எல்லையில் நின்றுவிடுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டியபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. இங்கும் மழை கடுமைதான் என்றாலும், எங்களுக்குச் சென்னையோடு இருந்த தொடர்பை அறுத்தது திருநெல்வேலியில் தேங்கிய தண்ணீர். அன்று தாமிரபரணியில் வெள்ளம் என்ற செய்தியைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து உறவினர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக அழைத்து, வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். குழித்துறையில் ஓடும் ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர் என்பதால் வந்த குழப்பம் அது. அது நெல்லையில் ஓடும் வேறோர் ஆறு என்று விளக்கி முடிப்பதற்குள் கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிடும்போல் ஆகிவிட்டது.

மேற்கே போகும் பாதைக்கும் அதே கதிதான். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1979 முதல் ரயில் ஓடுகிறது. அந்தப் பாதை பல இடங்களில் மேட்டை வெட்டிய ஆழமான பள்ளங்களுக்குள் செல்வதால், தொடர்மழையில் இருபுறமும் உள்ள செம்மண் ஊறித் தண்டவாளத்தின் மீது சரிந்துவிடுகிறது. 2021 நவம்பரில் அவ்வாறு மண் சரிந்து ரயில்கள் ரத்தானபோது, மழை ஓய்ந்த பின்னும் மண்ணை அகற்றும் வேலை ஓயவில்லை. இத்தகைய நாள்களில் கால அட்டவணையைப் பார்ப்பதால் பயனில்லை. நடத்துனரிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்பவர் வெளியூர்க்காரர். எதுவரை போகும் என்று கேட்பவர் உள்ளூர்க்காரர். களியக்காவிளை வரை ஒரு பேருந்து, அங்கிருந்து கேரளப் பேருந்து, இடையில் சாலை அடைபட்டால் ஓர் ஆட்டோ என்று துண்டு துண்டாகப் பயணத்தைக் கட்டிக்கொள்ள நானும் பழகிவிட்டேன்.

புயலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிங்கப்பூரைப் புயல் அநேகமாகத் தொடுவதில்லை. 2001 டிசம்பரில் வமேய் என்ற ஒன்று அருகே கரையைக் கடந்ததையே இன்றும் அதிசயமாகப் பேசுவார்கள். ஓக்கி வந்த 2017 நவம்பர் 30 அன்று நான் இந்த ஊருக்குப் புதியவள். ரப்பர் மரங்களும் தென்னைகளும் மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு சாலையில் விழுந்து கிடந்தன. வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. யாருக்கும் காத்திராமல் அக்கம்பக்கத்தார் வெட்டுக்கத்தியும் கோடரியுமாக இறங்கி, ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி உண்டாக்கினார்கள். கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பாத அந்த வாரத்தில், எங்கள் சாலை அடைபட்டதைத் துன்பம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. மேகம் கறுத்தால் மின்சாரம் போவதற்கு முன்பே மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிடும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

சொந்த நாட்டுக்குப் போய்வருகிறவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் பயணம் என்றால் முதல் நாளே போய் நகருக்குள் உறவினர் வீட்டில் தங்கிவிடுவேன். பாலராமபுரத்து நெரிசலில் மழையும் சேர்ந்துகொண்டால் அந்த 40 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, பத்மநாபசுவாமி கோயிலில் சாமியைக் கடலில் நீராட்டும் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலையத்தின் ஊடாகக் கடற்கரைக்குப் போவதற்காக ஆண்டுக்கு இரண்டு முறை ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடுவார்கள். அவற்றுள் ஒன்று ஐப்பசியில் வரும். நாளும் நேரமும் முன்னதாகவே அறிவித்துவிட்டுத் தடைபடும் போக்குவரத்து இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்த டிசம்பரில் அம்மா வருகிறார். சென்னையில் சித்தியைப் பார்த்துவிட்டு ரயிலில் நாகர்கோவில் வருவதாக அவர் திட்டம்; நேரே திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டு, சென்னையை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு, அங்கே இப்போது மழையே இல்லையாமே என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை. அதற்குள் ரயிலுக்கும் ஒரு முன்பதிவு செய்துவைத்திருக்கிறேன்.